கேட்காமலே எடுப்பவர்கள்

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. பெயர், வண்டி எண், தங்கும் நாட்கள் என்று அரசுத் தளம் கேட்கிறது, தெரிந்தே கொடுக்கிறோம். கவலை, கேட்காமலே எடுத்துக்கொள்பவர்களைப் பற்றியது.

குன்னூரில் அறை தேடுகிறார் ஒருவர். மறுநாள் சமையல் குறிப்பு படிக்கும் பக்கத்திலும் குன்னூர் ரிசார்ட் விளம்பரம் வந்து நிற்கிறது. எப்படி? அறை தேடிய பக்கத்துக்குள் விளம்பர நிறுவனம் ஒன்றின் நிரலும் ஒளிந்திருந்தது. அது போனில் ஒரு எண்ணைப் பதித்துவிட்டுப் போனது. அதுதான் குக்கி. சமையல் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் நிரல் இருந்தால், பழைய எண்ணைப் படித்து ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. பெயர் தெரிய வேண்டியதில்லை, எண் போதும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி இதை உருவாக்கியது, வந்து போனவரைத் தளம் நினைவில் வைத்துக்கொள்ளத்தான். விளம்பரத் தொழில் அதை வேவு பார்க்கப் பழக்கிக்கொண்டது.

இதைத் தடுக்கும் இடம் பிரவுசர். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சில் இத்தகைய வெளியார் குக்கிகளை முற்றாக நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் கணினிகளில் ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனியே அடைத்து வைக்கிறது. கூகுள் குரோமோ, நீக்குவதாக 2020இல் அறிவித்து, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. கூகுளின் பெரும் வருமானம் விளம்பரம் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். குரோமின் இன்காக்னிட்டோ முறை வெளியார் குக்கிகளைத் தடுத்தாலும் முழுதாகக் காப்பாற்றாது. அது போனில் வரலாற்றைத் தங்கவிடாது, ஆனால் தளங்களிடமிருந்து ஆளை மறைக்காது.

தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பதில் வந்திருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட 'உலா' பிரவுசர், கண்காணிப்பு நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மீதே எழுப்பப்பட்டதால், பழகிய தளங்கள் வழக்கம்போலத் திறக்கும். அலுவலகம், சொந்த வேலை, குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் உண்டு. ஒன்றின் தரவு மற்றொன்றில் கலப்பதில்லை. மத்திய அரசின் இந்தியப் பிரவுசர் உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசான 1 கோடி ரூபாயை வென்றது இதுதான். ஸோஹோவின் வருமானம் மென்பொருள் சந்தாவிலிருந்து வருகிறது. தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வருமான வழியைத்தான்.

வழக்கமான பிரவுசர்கள், இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியைத் தளங்களிடமிருந்து தானாக மறைப்பதில்லை. அதற்கு டோர் பிரவுசர் போன்றவை வேண்டும், வேகம் குறையும். அன்றாடத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆண்ட்ராய்டு போனில் உலாவையோ, யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு நீட்சி சேர்த்த ஃபயர்ஃபாக்ஸையோ நிறுவுங்கள். பிறகு செட்டிங்ஸில் அதையே முதன்மைப் பிரவுசராக மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகள் பழைய பிரவுசரிலேயே திறந்துகொண்டிருக்கும்.