பயண எழுத்தில் மன்னார் வளைகுடா: ஈர்ப்பும் சான்றும்

ஆய்வுச் சுருக்கம்

கடற்கரை பற்றிய பயண எழுத்துகள் தம் வியப்புச் செய்திகளால் வாசகரை ஈர்க்கின்றன. அவ்வியப்பையே காரணமாகக் காட்டி அவற்றை வரலாற்றுச் சான்றாக ஏற்கத் தயங்குவோரும் உளர். சொன்னதைச் சொன்னவாறே ஏற்போரும் உளர். மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைக் கூறும் மூன்று பயண நூல்களை ஒப்பிட்டு, வியப்புச் செய்திக்குள்ளேயே தொழில், கூலி, காவல் பற்றிய சான்று பொதிந்திருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், மன்னார் வளைகுடா, முத்துக்குளிப்பு, கொற்கை, காயல், கடல்கட்டி.

முன்னுரை

கடல்வழி வந்த பயணியின் பார்வை கப்பலிலிருந்து கரையை நோக்குவது. துறை, சரக்கு, பருவம், ஆபத்து ஆகியனவே அதற்கு முதலில் புலப்படும். கரையில் வாழ்வோரின் உழைப்பு அப்பார்வையில் இடையிடையே மட்டும் தென்படும். அவ்வாறு தென்படும் இடங்களே ஆய்வாளர்க்குப் பயன் மிக்கவை.

பெரிப்ளுஸ் காட்டும் கொற்கை

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் எழுதப்பட்டதாகக் கருதப்படும் ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளுஸ்’ வணிகர்க்கான வழிகாட்டி நூலாகும். முசிறி முதலிய துறைகளின் ஏற்றுமதி, இறக்குமதிப் பொருள்களை நிரலாகக் கூறும் அந்நூலின் நடை, குமரிமுனையை அடைந்ததும் மாறுகிறது. நோன்பு ஏற்றோர் அங்கு நீராடித் தங்குவதையும், பெண்தெய்வம் ஒன்று முன்பு அங்கு நீராடியதாக வழங்கிய கதையையும் அது குறிப்பிடுகிறது. வாசகரைக் கவரும் பகுதி இதுவே.

இதனையடுத்து, பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடைபெற்றது என்னும் செய்தி ஒரே தொடரில் முடிந்துவிடுகிறது. மதுரைக்காஞ்சி கொற்கையின் முத்தைச் சிறப்பிக்கிறது; ஆனால் இத்தகைய குறிப்பு அதில் இல்லை. அயலார் ஒருவரின் ஒரு தொடரைக் கொண்டு முடிவுகாண இயலாது. எனினும், முத்தின் பெருமையை அறிந்தோர் முத்தெடுத்தவர் நிலையையும் வினவ வேண்டும் என்பதை அத்தொடர் உணர்த்துகிறது.

மார்க்கோ போலோவின் காயல்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழி சென்ற மார்க்கோ போலோ கொற்கையைக் கூறவில்லை. ஓர்மசு, ஏடன் முதலிய இடங்களிலிருந்து கப்பல்கள் வந்து சேரும் காயலைக் கூறுகிறார். இக்காயலைத் தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த பழையகாயல் எனக் கால்டுவெல் அடையாளங்கண்டார். ஆற்று வண்டல் படியப் படியக் கரை கடற்பக்கம் நகர்ந்தது. கொற்கை உள்நாட்டுச் சிற்றூராயிற்று. இம்மாற்றத்தை இரு நூலாரும் அறிந்து எழுதவில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்து வைக்கும்போது அது புலனாகிறது.

முத்துக்குளிப்பைப் பற்றிய போலோவின் விவரிப்பு மிகவும் புகழ்பெற்றது. ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை வணிகர் கூட்டாகச் செல்வர். கூலிக்கு அமர்த்தப்பட்டோர் 4 முதல் 12 பாகம் ஆழம் வரை மூழ்குவர். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு உரியது. பெருமீன்கள் தாக்காதவாறு மந்திரத்தால் வசியம் செய்வோர்க்கு இருபதில் ஒரு பங்கு உண்டு. அவ்வசியம் பகலில் மட்டுமே செல்லும். இரவில் அதனை நீக்கிவிடுவர்.

வாசகர் மந்திரத்தில் மயங்கி நின்றுவிடுகின்றனர். ஆயின் அரசன் பங்கும் வசியக்காரர் பங்கும் ஒரே கணக்கில் இடம்பெறுவது நோக்கத்தக்கது. வசியம் இங்குப் பங்கு பெறும் ஒரு தொழிற்பணி. இரவில் வசியம் நீங்கும் என்னும் நம்பிக்கை, காவலற்ற நேரத்தில் முத்துப்பார்களில் எவரும் திருட்டுத்தனமாக மூழ்காமல் தடுக்கவும் உதவியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

கடல்கட்டி

போலோ வசியக்காரர்களைப் பிராமணர் என்கிறார். ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பின், 1859இல் வெளிவந்த ‘சிலோன்’ நூலில் ஜேம்ஸ் எமர்சன் டென்னெண்ட் எதிர்க்கரையான இலங்கையின் முத்துச் சலாபத்தை விவரிக்கிறார். சுறாவைக் கட்டுவோருக்கு அங்கு வழங்கிய தமிழ்ப்பெயர் ‘கடல்கட்டி’. அப்பணி ஒரு குடும்பத்தின் பரம்பரை உரிமை என்றும், தம் காலத்தில் அக்குடும்பத் தலைவர் கத்தோலிக்கர் என்றும் அவர் பதிவுசெய்கிறார். சமயம் மாறியபோதும் பணி தொடர்ந்தது. மூழ்குவோரின் நம்பிக்கையும் குன்றவில்லை.

எனவே போலோவின் சொல்லைச் சாதிவரலாற்றுக்கு நேர்ச்சான்றாகக் காட்டுவது பொருந்தாது. அயல்நாட்டவர் தாம் அறிந்த பெயரால் பிறிதொன்றைச் சுட்டியிருக்கலாம். காலப்போக்கில் பணி கைமாறியிருக்கவும் கூடும். பெயர் ஐயத்திற்குரியதாயினும், பணி நிலவியதை இரு நூல்களும் உறுதிப்படுத்துகின்றன.

முடிவுரை

மூன்று நூல்களிலும் வாசகரை ஈர்க்கும் செய்தியும் வரலாற்றுக்குப் பயன்படும் செய்தியும் அருகருகே உள்ளன. பயணியின் விளக்கத்தினும் அவர் தரும் பருவம், ஆழம், பங்கு ஆகிய தொழில் விவரங்களே பிற சான்றுகளோடு ஒப்பிட்டு ஆராய ஏற்றவை. முத்துக்குளித்தோரின் சொந்தக் கூற்று இம்மூன்றிலும் இல்லை. கடல்கட்டி, சலாபம், பார், பாகம் முதலிய தொழிற்சொற்களைத் தொகுத்து இந்நூற்செய்திகளோடு இணைத்து ஆராய்வது அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.