எந்த நிரல்மொழியைக் கற்பது?

கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவையை நிரல் என்பர். அதனை எழுத உதவுவது நிரல்மொழி. மென்பொருள் தொழிலில் புக விரும்பும் இளைஞர் முதற்கண் கேட்பது, 'எம்மொழியைக் கற்பது?' என்பதே. மொழிகளோ நூற்றுக்கணக்கில் உள்ளன. புதியதைக் கற்றால் பிழைப்பு உண்டு, பழையதைக் கற்றால் காலம் வீண் எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரிதானா?

1959ஆம் ஆண்டு அமெரிக்காவில், வணிகக் கணக்குகளுக்கென வகுக்கத் தொடங்கப்பட்ட மொழி கோபோல். அறுபது ஆண்டுகள் கழித்து, 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றால் வேலையிழந்தோர் பெருந்திரளாக உதவித்தொகை கோரினர். பழைய கணினி அமைப்புகள் திணறின. கோபோல் அறிந்தோர் உதவிக்கு வரவேண்டும் என நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி வேண்டுகோள் விடுத்தார்.

2000ஆம் ஆண்டில் வந்த ஆக்சன்ஸ்கிரிப்ட் மொழியின் கதை வேறு. இணையத்தில் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிய ஃபிளாஷ் என்னும் மென்பொருளை அது சார்ந்திருந்தது. 2007இல் வெளிவந்த ஐஃபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2020 இறுதியில் அடோபி நிறுவனமும் அதனைக் கைவிட்டது. இளைய மொழி ஓய்ந்தது. மூத்த மொழிக்கு ஆள் தேடினர். ஒரு மொழியின் ஆயுளை அதன் வயது முடிவு செய்வதில்லை. அதனை நம்பி நடைபெறும் பணிகளே முடிவு செய்கின்றன.

ஆகவே, செய்ய விரும்பும் பணியை முதலில் தேர்தல் வேண்டும். இணையப் பக்கங்களை இயக்குவதற்கு 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்ட் இன்றியமையாதது. தரவு ஆய்வுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் 1991இல் குய்டோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் பெரிதும் பயன்படுகிறது. கருவிகளுக்குள் பொருத்தப்படும் சிறு கணினிகளுக்கு, டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் ஆக்கிய சி மொழி இன்றும் துணைநிற்கிறது. தரவுத்தளத்திலிருந்து செய்தி கேட்டுப்பெறும் எஸ்.கியூ.எல். மொழியோ பெரும்பாலான துறைகளுக்கும் பொது.

தேர்ந்தபின், ஒன்றையே ஆழக் கற்பது நலம். ஒன்று முதல் நூறு வரை எண்களைக் கூட்டும் நிரலைச் சியில் எழுதினாலும் பைத்தானில் எழுதினாலும், தொகையை ஓரிடத்தில் வைத்தல், ஒவ்வோர் எண்ணாகச் சேர்த்தல், நூறு முடிந்ததும் நிறுத்தல் என்னும் முறை ஒன்றே. சொற்களும் குறிகளுமே மாறும். இம்முறை கைவந்தவருக்கு இரண்டாம் மொழி எளிது. ஐந்து மொழிகளை மேலோட்டமாகத் தொட்டவரோ, பிழை நேர்ந்தால் அஃது எங்குள்ளதெனக் காணமாட்டாது திகைப்பர்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித்தரும் காலம் இது. அது தருவது சரியா, பிழையா என்று தேர்ந்து சொல்லவும் அவ்வாழ்ந்த பயிற்சியே வேண்டும்.