குறைந்த விலை, கூடுதல் செலவு

டெண்டர் கவர்கள் பிரிக்கப்பட்டதும் எல்லோர் கண்களும் தேடுவது ஒரே எண்ணைத்தான்: மிகக் குறைந்த தொகை. 'எல் 1' எனப்படும் அந்த கான்ட்ராக்டருக்கே வேலை. பல பத்தாண்டுகளாக அரசுக் கட்டடங்கள் இப்படித்தான் எழுந்தன. வணிக வளாகம் கட்டும் தனியார் பலருக்கும் இதே பழக்கம்.

விளைவு? கட்டுப்படியாகாத விலைக்கு வேலையை எடுத்தவர் நஷ்டத்தை வேறு வழியில் ஈடுகட்டப் பார்ப்பார். சிமெண்டில் கை வைப்பார். 'கூடுதல் வேலை' என்று பில் நீட்டுவார். பாதியில் காணாமல் போவார். வளாகம் முடியாமல் நிற்க, வங்கிக் கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

2021 அக்டோபரில் அரசே இறங்கி வந்தது. தரம் முக்கியமான பணிகளில், மதிப்பெண்ணில் 30 சதவீதம் வரை தரத்துக்கு ஒதுக்கலாம் என்றது நிதி அமைச்சகம். மீதி 70 விலைக்கு. ஒருவர் 10 கோடி ரூபாய் கேட்கிறார், அவரது தர மதிப்பெண் 60 என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவர் கேட்பது 10.5 கோடி, தரம் 90. மொத்தத்தில் முதலாமவருக்கு 88, இரண்டாமவருக்கு 93.67. வேலை இரண்டாமவருக்கே.

விலையைப் பார்க்கும் முன் மத்திய பொதுப்பணித் துறை அனுபவத்தைப் பார்க்கிறது. கடந்த 7 ஆண்டுகளில், மதிப்பீட்டுத் தொகையில் 80 சதவீத அளவுக்கு இதே போன்ற ஒரு பணி, அல்லது தலா 60 சதவீதத்தில் இரண்டு, அல்லது தலா 40 சதவீதத்தில் மூன்று முடித்திருக்க வேண்டும்.

தனியாரும் இதைப் பின்பற்றலாம். முடித்த கட்டடங்களுக்கு நேரில் போய் உரிமையாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: "அடுத்த வேலையையும் இவரிடமே கொடுப்பீர்களா?"