பட்டியலைக் கலைக்கும் கணக்கு

தேர்தலின்போது கோலார் தங்கவயல் தொகுதியின் வாக்குப்பதிவு இயந்திரங்கள் இரண்டு முறை கணினிக் குலுக்கலுக்கு உட்படுகின்றன. எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு என்பது முதல் குலுக்கலில் முடிவாகும். எந்த வாக்குச்சாவடிக்கு என்பது இரண்டாவதில். முதலாவது கட்சிப் பிரதிநிதிகள் முன்னிலையிலும், அடுத்தது வேட்பாளர்கள் அல்லது முகவர்கள் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஓர் இயந்திரம் எங்கே போகும் என்பதை யாரும் முன்கூட்டி அறியக் கூடாது.

இத்தகைய குலுக்கலின் அடிப்படை, ஒரு பட்டியலைக் கலைப்பது. இணையதள நிரல்மொழிகளான ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி இரண்டிலும் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். ஆனால் பட்டியல் கலைந்ததுபோல் தெரிந்தால் போதாது. சாத்தியமான எல்லா வரிசைகளுக்கும் சம வாய்ப்பு இருக்க வேண்டும்.

தங்கவயல் பகுதியின் மாரிக்குப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப் என்ற மூன்று பெயர்களை 6 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வோர் இடத்துப் பெயரையும் மூன்று இடங்களில் ஏதோ ஒன்றிலுள்ள பெயரோடு மாற்றிக்கொண்டே போனால் மொத்தம் 27 வழிகள். 27 என்பது 6ஆல் வகுபடாது. அதனால் மூன்று வரிசைகள் தலா 5 வழிகளிலும், மற்ற மூன்றும் தலா 4 வழிகளிலும் கிடைக்கின்றன. குலுக்கலில் ஓரவஞ்சனை புகுந்துவிடுகிறது.

இந்த ஓரவஞ்சனையின்றிக் கலைக்க, ரொனால்ட் ஃபிஷரும் ஃபிராங்க் யேட்ஸும் 1938இல் வெளியிட்ட முறையை, 1964இல் ரிச்சர்ட் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்றபடி அமைத்தார். மூன்றில் ஒன்றைக் குலுக்கி எடுத்துக் கடைசி இடத்தில் வைத்துவிட்டு, அதைப் பிறகு தொடுவதில்லை. மிஞ்சிய இரண்டில் ஒன்று நடு இடத்துக்கு வரும். வழிகளும் 6, வரிசைகளும் 6.

இந்த முறையைக் கையாளாததன் விளைவு 2010இல் வெளிப்பட்டது. ஐரோப்பியப் பயனர்கள் பிரவுசரைத் தேர்ந்தெடுக்க மைக்ரோசாஃப்ட் காட்டிய பட்டியல், ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் கட்டளையிடம் ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் தற்செயலான விடையைக் கொடுத்துக் கலைக்கப்பட்டது. வரிசைப்படுத்தும் கட்டளையோ மாறாத விடையை நம்பி இயங்குவது. ராப் வியர் என்பவர் சோதித்தபோது, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்த பக்கத்தில் அதே பிரவுசர் ஏறக்குறைய பாதித் தடவை கடைசி இடத்தில் நின்றது. நிரல் பின்னர் திருத்தப்பட்டது.

முறை சரியானாலும் ரேண்டம் எண்களின் ஊற்று வளமாக இருக்க வேண்டும். ரேண்டம் எண்களைப் பிறப்பிக்கும் 32 பிட் தொடக்க எண்ணிலிருந்து சுமார் 429 கோடி வரிசைகளுக்கு மேல் பிறக்காது. 13 பெயர்களுக்கே 622 கோடிக்கும் அதிகமான வரிசைகள் உண்டு. ஆகவே பிறர் ஊகிக்கக் கூடாத குலுக்கல்களுக்குப் பாதுகாப்பான ரேண்டம் எண்களே ஏற்றவை. பிஎச்பி 8.2 பதிப்பில் வந்த ரேண்டமைசர் என்ற வசதி, வேறு ஏற்பாடு செய்யாதவரை அவற்றையே பயன்படுத்துகிறது.