உண்டியற் காசும் அயல்நாட்டார் கட்டணமும்

சந்திரகிரிக் கோட்டையைக் காணச் செல்லும் நேயர்கள், அடுத்துள்ள திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகத்தையும் சற்று நின்று நோக்குதல் தகும். 1954-ஆம் ஆண்டில் தோன்றிய அக்கழகத்திற்கு நிலம் வழங்கி ஆதரித்தது திருமலை திருப்பதி தேவஸ்தானம். தேவஸ்தானத்தின் செல்வமோ அடியார் காணிக்கையால் பெருகியது. நம் பாட்டிமார் மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசும் அதனுள் சேர்ந்திருக்கும். காணிக்கை இட்டவர் வேறு, கற்றவர் வேறு. எனினும், இட்டவர் விரும்பி இட்டனர். அன்றாடச் செலவிற்கு அரசாங்க மான்யமும் வேண்டியிருந்தது என்பது உண்மையே. ஆயினும் ஒருமுறை ஈந்த நிலம் ஓர் ஆணையால் மறைந்து போவதில்லை.

மேலை நாடுகள் சில வேறு வழி சென்றன. பிரிட்டன் 1980-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு மாணவரிடம் முழுச் செலவையும் கட்டணமாகப் பெறலாயிற்று. ஆஸ்திரேலியாவும் அவ்வழியே நடந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நிகழ்ந்ததே இதனை நன்கு விளக்கும். ஆங்கு 2019-ஆம் ஆண்டில் உள்நாட்டு மாணவர் கட்டணத்தை நூற்றுக்குப் பத்து வீதம் குறைத்த அரசாங்கம், பின்னர்ப் பல ஆண்டுகள் அதனை உயர்த்தவிடவில்லை. அரசாங்க மான்யமும் அதற்கு ஈடாக வளரவில்லை. அயல்நாட்டார் கட்டணத்திற்கோ அத்தகைய வரம்பில்லை. ஆகவே கல்லூரிகள் அவர்களை மிகுதியாகச் சேர்த்தன. வந்தோரில் இந்தியரே பெருந்தொகையினர். உள்ளூர்ப் பிள்ளையின் படிப்பிற்கு நம்மவர் வீட்டுக் கடன் துணை நின்றது எனலாம். இதனைக் கொடை என்பதற்கில்லை. கொடுத்தவரை எவரும் கேட்கவில்லை.

2020-இல் பெருந்தொற்றினால் ஆஸ்திரேலியா எல்லையை மூடியபோது அங்குள்ள பல்கலைக் கழகங்களின் வருவாய் சரிந்தது. ஊழியர் பலர் வேலை இழந்தனர். வீட்டு வாடகை ஏற்றம் குறித்து எழுந்த குறைகளிடையே, 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது. அவ்வாண்டின் அனுமதி முந்திய ஆண்டினும் நூற்றுக்கு 35 வீதம் குறைவாக ஏறத்தாழ 3,60,000 என வரையறுக்கப்பட்டது. ஒண்டாரியோக் கல்லூரிகள் பல பாடப் பிரிவுகளை நிறுத்தின.

வெளி மாநிலங்களில் வாழும் நம் நேயர்கள் பலர், நிலத்தை ஈடு வைத்தும் வங்கிக் கடன் பெற்றும் பிள்ளைகளை அயல்நாடு அனுப்ப எண்ணுகின்றனர். அனுப்புதல் தவறென்று நாம் கூறவில்லை. பெயரையும் கட்டடத்தையும் கண்டு மயங்காது, அக்கழகத்தின் ஆண்டறிக்கையைத் தேடிப் படித்தல் நன்று. வருவாயில் எத்தனை பங்கு அயல்நாட்டார் கட்டணம், சேரும் பாடப்பிரிவில் உள்நாட்டு மாணவர் எத்தனை பேர் என்பனவற்றை முதற்கண் வினவுக. அந்நாட்டுப் பிள்ளைகளே நாடாத பிரிவாயின், கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் மீண்டும் ஒருமுறை விசாரித்தல் வேண்டும்.