பார்க் எக்ஸ்ரென்சனின் கிரேக்கக் குசினி

கனடாவின் மொன்றியல் நகரில், பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியிலுள்ள ஒரு கிரேக்க உணவகத்தில் என் அத்தான் 22 வருடங்களாகச் சமையல் வேலை செய்கிறார். கடந்த வருடம் அங்கு போயிருந்தபோது மூன்று மாலைப்பொழுதுகளை அந்த உணவகத்தில் கழித்தேன். முன்னால் நீல, வெள்ளை மேசை விரிப்புகள், ஏஜியன் கடல் படம், கிரேக்கப் பாட்டு. பின்கதவைத் தள்ளினால், “உள்ளி முடிஞ்சுது, உரிச்சுத் தாரும்” என்று யாழ்ப்பாணத் தமிழ்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் ‘பல்கலாசாரம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எந்த வேலை கிடைத்தது, கட்டடம் யாருடையது என்று கேட்டால்தான் அந்த உணவகம் விளங்கும்.

1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சிதைந்த கிரேக்கத்திலிருந்து அதற்கடுத்த இருபது வருடங்களில் பெருமளவானோர் கனடாவுக்குப் போனார்கள். 1967இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் இன்னும் பலர். மொன்றியலில் அவர்கள் நிறைந்திருந்த இடங்களில் ஒன்று பார்க் எக்ஸ்ரென்சன். பரப்பளவு சுமார் 1.6 சதுர கிலோமீற்றர்தான். மேற்கு எல்லையில் 1960இல் போட்ட வேலி ஒன்று இன்றும் நிற்கிறது. அதற்கு அப்பால் வசதிபடைத்தவர்களின் மவுண்ட் றோயல். இந்தப் பக்கம் வாடகை குறைவு. மொழி தெரியாமல் வந்தவருக்கு உணவக வேலை கைகொடுத்தது. முதலில் கோப்பை கழுவுவது, பிறகு சமைப்பது, பிறகு உறவினர்களோடு சேர்ந்து ஒரு கடை. பிள்ளைகள் படித்து வர, குடும்பங்கள் ஆற்றுக்கு அப்பால் லவாலில் வீடு வாங்கிக்கொண்டு போயின. அவர்கள் விட்டுப்போன வாடகை வீடுகளுக்கு இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளிகள் வந்தார்கள். 1983க்குப் பிறகு நம்மவர்களும் வந்தார்கள். தொடங்கியது அதே கோப்பை கழுவுவதில்தான்.

அத்தான் மயிலிட்டிக்காரர். கணவாய் துப்புரவாக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மிச்சமெல்லாம் முதலாளியிடம் கற்றது. தயிரைத் துணியில் கட்டி நீர் வடியவிட்டு, துருவிப் பிழிந்த கெக்கரிக்காயும் உள்ளியும் சேர்த்தால் ட்சட்சிக்கி. தக்காளி, கெக்கரிக்காய், வெங்காயம், ஒலிவ், மேலே ஒரு துண்டு ஃபெற்றா என்றால் கிராமத்துச் சலாது. “இதுக்குள்ள சலாது இலை போட்டா முதலாளிக்குக் கோவம் வரும் தம்பி” என்றார். வட அமெரிக்காவில் பல கடைகள் இலை போடத்தான் செய்கின்றன. முதலாளி சமையலறையை ‘குசினா’ என்கிறார், அத்தான் ‘குசினி’ என்கிறார். கிரேக்கருக்கு அந்தச் சொல் வெனிஸ்காரர் வழியாகவும் நமக்குப் போர்த்துக்கீசர் வழியாகவும் வந்தது. மூலம் இரண்டுக்கும் இலத்தீன்தான்.

வாடிக்கையாளர்களில் அதிகமானோர் இன்று அந்த அயலில் வசிப்பவர்கள் அல்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் லவாலிலிருந்து காரில் வரும் கிரேக்கக் குடும்பங்கள்தான் கடையை நிறுத்தி வைத்திருக்கின்றன.

முதலாளிக்கு 70 வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் இருவருக்கும் கடை வேண்டாம். “நீயே எடு” என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார். சிக்கல் வாடகையில் இருக்கிறது. 2019இல் மொன்றியல் பல்கலைக்கழகம் பழைய ரயில் தரிப்பிட நிலத்தில், இப்பகுதிக்குத் தெற்கே, புதிய வளாகத்தைத் திறந்தது. அதன்பின் வாடகை உயர்வும் வீடுகளிலிருந்து வெளியேற்றப்படுவதும் அங்கு அன்றாடப் பேச்சாகிவிட்டன. கியூபெக்கில் வீட்டு வாடகை அநியாயமாக ஏறினால் வீடமைப்பு நியாயசபைக்குப் போகலாம். கடைகளுக்கு அந்த வழி இல்லை. குத்தகை முடிந்ததும் கட்டட உரிமையாளர் கேட்பதுதான் விலை. அந்த உணவகத்தின் கட்டடமோ முதலாளியுடையதல்ல.

அத்தானுக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. “தமிழன் எடுத்திட்டான் எண்டு தெரிஞ்சா லவால் ஆக்கள் வருவினமோ தெரியாது.” இத்தனை வருடமும் அவர்கள் சாப்பிட்டது உங்கள் கைச் சமையலைத்தானே என்றேன். “அது அவைக்குத் தெரியாதே” என்றார்.

குத்தகை அடுத்த ஜூனில் முடிகிறது.