அட்டையில் எழுந்த சொந்த ஊர்

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர் மனதில் அந்த ஊர் பழைய உருவத்திலேயே நிற்கும். அதே ஆலமரம், அதே டீக்கடை, அதே மண் ரோடு. சித்தூரிலும் திருப்பதியிலும் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஆனால் ஆப்பிரிக்காவில் ஒருவர் தம் கிராமத்தை இனி வரப்போகும் ஊராகக் கண்டார். கண்டதைக் கையால் செய்தும் காட்டினார்.

அவர் பெயர் போடிஸ் இசெக் கிங்கெலெஸ். காங்கோவில், கிம்பெம்பெலெ இஹுங்கா என்ற விவசாயக் கிராமத்தில் 1948-ம் ஆண்டு பிறந்தவர். அப்போது காங்கோ பெல்ஜியத்தின் ஆதிக்கத்தில் இருந்தது. 1970-ல் தலைநகர் கின்ஷாசாவுக்கு வந்தார். சில காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு கத்தரிக்கோல், பசை, காகிதம் இவற்றோடு உட்கார்ந்து ஒரு சின்னக் கட்டடம் செய்தார்.

திருட்டுச் சந்தேகம்

அதை எடுத்துக்கொண்டு தேசிய மியூசியத்துக்குப் போனார். அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. எங்கிருந்தோ திருடி வந்திருப்பான் என்று நினைத்தார்கள்! எங்கள் கண் முன்னே இன்னொன்று செய் என்றார்கள். செய்தார். வேலையும் கிடைத்தது. பழைய முகமூடிகளைச் செப்பனிடும் வேலை.

நவராத்திரிக் கொலுவில் படிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஊர் கட்டுவார்கள் அல்லவா? தீப்பெட்டி வீடு, கண்ணாடித் துண்டில் குளம், மணல் ரோடு. இங்கே தெலுங்கர் வீட்டு பொம்மல கொலுவிலும் உண்டு. அதையே ஒருவர் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டால்? கிங்கெலெஸ் எடுத்துக்கொண்டார். அட்டை, வண்ணக் காகிதம், குளிர்பான டப்பா, பாட்டில் மூடி என்று மற்றவர் தூக்கி எறிவதெல்லாம் அவர் கையில் கோபுரமாயின.

1989-ல் பாரிஸ் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. உலகம் அவரை அறிந்தது அதற்குப் பிறகுதான்.

1994-ல் தம் கிராமத்தையே செய்தார். சுமார் 3 மீட்டர் நீளம். அந்த விவசாயக் கிராமத்தில் இப்போது கால்பந்து மைதானம், பாங்கிகள், ஓட்டல்கள், வானளாவிய கட்டடங்கள்! 1996-ல் ஒரு 'மாய நகரம்' செய்தார். அங்கே டாக்டரும் வேண்டாம், போலீசும் வேண்டாம். வெளியே கின்ஷாசாவில் வறுமை முற்றிய காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், இதை வெறும் விளையாட்டு என்று தள்ள முடியவில்லை. ஒரு குறை சொல்லலாம்: அவ்வளவு அழகான தெருக்களில் ஒரு மனிதரைக்கூட அவர் வைக்கவில்லை.

கறுப்பு மக்கள் தங்கள் வருங்காலத்தைத் தாங்களே கற்பனை செய்யும் கலைக்கு 'ஆஃப்ரோ ஃபியூச்சரிசம்' என்று 1993-ல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் டெரி பெயர் வைத்தார். கிங்கெலெசையும் அதில் சேர்ப்பவர்கள் உண்டு. பெயர் பிறக்கும் முன்பே அவர் பல கட்டடங்களை முடித்திருந்தார்.

2015-ல் அவர் காலமானார். 2018-ல் நியூயார்க்கின் நவீன கலை மியூசியம் அவருடைய நகரங்களை ஒன்றாகக் கூட்டி வைத்தது. வந்தவர்கள் கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு மாய நகரத்துக்குள் நுழைந்து பார்த்தார்கள்.